அடித்தல்

புயல் எச்சரிக்கை இறக்கிய மறுநாள்,
போர்ட் லூயி அஞ்சல் பொதிக்கூடம், மூன்றாம் சாளரம்.
புடாபெஸ்டிலிருந்து ஒரு பொதி.
உள்ளங்கை அகலம்.
உள்ளடக்கம் என்ற இடத்தில்
யாரோ அவசரமாய் எழுதியிருந்தார்கள்:
எழுத்தாளர், இரண்டு.

பிரித்தேன். என் வேலை அது.
நீலப் பெட்டிக்குள் இரண்டு வட்டங்கள்,
ஒன்று வெள்ளி, மற்றது செம்பும் நிக்கலும்.
இரண்டிலும் அதே மனிதர், அதே காதுமடல்,
கழுத்துப்பட்டி சற்றே கோணல்.
பேர் என் வாயில் நுழையவில்லை.

பணமென்றால் ஒரு விதி,
வெள்ளியென்றால் வேறு விதி,
புத்தகமென்றால் வரியே இல்லை.
பதினைந்தாயிரம் ஃபோரிண்ட் என்று
உலோகத்திலேயே போட்டிருக்கிறது.
ஆனால் இதை நீட்டி ரொட்டி வாங்க
அந்த ஊரிலும் எவரும் துணியமாட்டார்.
செலவழி என்கிறது எண்,
தொடாதே என்கிறது கண்ணாடி உறை.

காசில் எழுத்து எங்கே உட்கார்கிறது என்பது
விளையாட்டல்ல, எனக்குத் தெரியும்.
ரூபாய்த் தாளில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்கு
இந்தத் தீவு கொதித்த வருடம்
நான் பயிற்சி எழுத்தர்.
அச்சடித்த தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மேலதிகாரி லவெர்த்யூர் தொலைபேசியில் சொன்னார்:
ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மதாம்.

ஆள் வந்தார். பவாடே ராஜமணி.
பாவாடை என்ற பெயர்
எந்தக் கப்பல் எழுத்தன் காதிலோ விழுந்து
பவாடே ஆகி நின்றுவிட்ட குடும்பம்.
எண்பத்தொன்றில் நீரியல் படிக்கப் போய்
பட்டம் இல்லாமல், பாஷையோடு திரும்பியவர்.
அப்புறம் முப்பது வருடம்
வீடு வீடாய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தார்.

"அங்கே குடும்பப் பேர்தான் முன்னால் வரும், மதாம்.
நாம் அப்பாவின் எழுத்தை முன்னே நிறுத்துவதுபோல.
பவாடே ராஜமணி என்று
வாய்நிறையக் கூப்பிட்ட ஒரே ஊர்."

என் பூதக்கண்ணாடியை இரவல் கேட்டார்.
காசைத் திருப்பினார், விளிம்பில் மட்டும் விரல்.
பின்புறம் கையெழுத்துப் பிரதியின் ஒரு துண்டு,
நான்கு வரி, எறும்பு ஊர்ந்தது போல.
மூன்றாம் வரியில் ஒரு சொல்லின் குறுக்கே கோடு.

"அச்சுப் பிழையா?"
"இல்லை. அவர் அடித்ததை
அப்படியே அடித்திருக்கிறார்கள்."

கடல் என்று எழுதி, அடித்து,
மேலே வயல் என்று எழுதியிருக்கிறாராம்.
கடல் இல்லாத நாடு அது.
அந்த மனிதர் கடைசிவரை
கடல் பார்த்ததே இல்லையாம்.

"பார்க்காததை எழுத மனசு வரவில்லையோ?"
"இருக்கலாம். வயல் அந்த இடத்தில்
நன்றாக விழுந்தது என்றும் இருக்கலாம்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே துறைமுகத்தில்
ஒரு சூரைமீன் கப்பல் ஊதியது.
"நாலு வருடம் அங்கே
அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை எனக்கு.
அச்சான புத்தகத்தில் இந்தச் சொல் கிடையாது, மதாம்.
காசில் மட்டும்தான் இருக்கிறது."

பொருளின் வகை என்ற கட்டத்தில்
முதலில் புத்தகம் என்று எழுதினேன்.
அவருக்கு வரி மிச்சமாகும்.
பேனா ஒரு கணம் நின்றது.
நான் கண்டது புத்தகமல்ல.
அடித்தேன்.
படிவம் ஆங்கிலம், எங்கள் பேச்சு கிரியோல்,
மேலே எழுதும்போது
மனசுக்குள் சொல்லிக்கொண்டது மட்டும் தமிழ்:
நாணயம்.

பதினைந்து சதவீதம். எண்ணிக் கொடுத்தார்.
வெள்ளியைப் பெட்டியில் மூடினார்.
மற்றதைக் கால்சட்டைப் பையில்,
பேருந்துச் சில்லறையோடு போட்டுக்கொண்டார்.
படியிறங்கும்வரை கிலுகிலுத்தது.

அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்,
அது விதி.
இட்டேன்.
கோட்டுக்கு அடியில் பழைய சொல்
நன்றாகவே தெரிந்தது.